கறிக்கு ஆகாத பறவை

என் மனைவியின் போனில் ஒரு குச்சியை நாற்பத்தொரு தடவை படம் எடுத்து வைத்திருந்தாள். குச்சி என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் இறந்துபோனது மாசியில். போனை ஒரு துண்டில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். சித்திரையில் குவைத்திலிருந்து மகன் பேசினான். உன் பட்டன் போனில் என் முகம் தெரியாது, அம்மா போனை உயிரோடு வைத்துக்கொள் என்றான். அதை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன்.

போன் கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. சார்ஜ் ஏற்றி, துடைத்து, திறந்து பார்த்தது. கண்ணாடியில் கீறல், கேமரா மேல் எண்ணெய்ப் பிசுக்கு என்றது. இடம் நிறைந்து கிடக்கிறது, வேண்டாததை அழித்தால்தான் ஓடும் என்றது. ஒவ்வொன்றாகத் தள்ளியது. பேரன் படம். ரேஷன் கார்டு. மருந்துச் சீட்டு. பிறகு சிரித்துவிட்டது.

"ஒரே குச்சிய இத்தனை போட்டோ எடுத்தவங்கள இப்பதான்யா பாக்குறேன். அழிச்சிடவா?"

காட்டச் சொன்னேன். பச்சையும் மண்ணுமாகக் கலங்கியிருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு கோடு. ரொம்பத் தூரத்திலிருந்து இழுத்து எடுத்திருக்கிறார்கள், அதனால் படம் உடைந்து போயிருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கியது. என் கண் கோட்டில் நிற்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த கல் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் வாய்க்கால் ஓரம் கிடக்கும் துவைக்கிற கல். அவள் துவைத்துத் துவைத்து ஒரு பக்கம் தேய்ந்த கல்.

அழிக்க வேண்டாம் என்றேன். மருந்துச் சீட்டை அழிக்கச் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. அவள் என்னைக் கேட்டிருக்கிறாள்.

அவள் முப்பது வருஷம் நடவுக்குப் போனவள். போன வருஷம் வைகாசியில் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. சேற்றில் இறங்கக் கூடாது, நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் விடிந்ததும் பம்புசெட்டுக்குப் போவேன். மதியம் சோற்றுக்கு வருவேன். மறுபடி போவேன். அது குறுவை நடவு சமயம். வீட்டில் இருக்க முடியாது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏங்க, இது என்ன பறவை? தினம் வருது."

கையில் சோறு. கண்ணாடியில் வெயில் அடித்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை.

"கறிக்கு ஆகாது" என்றேன்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். மோர் ஊற்றினாள். அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலும், கல்யாணமான பிறகு மூன்று வருஷமும் நான் வலை போட்டுப் பறவை பிடித்தவன். அறுத்த வயலில் தண்ணீர் நிற்கும் இடத்தில் வலை கட்டுவோம். கொக்கு, மடையான், உள்ளான், நாரை. எங்களுக்குப் பறவை இரண்டே இனம். கறிக்கு ஆவது, ஆகாதது. ஆகாததை வலையிலிருந்து பிய்த்து வரப்பில் போட்டுவிடுவோம். ஒரு பறவையைக் காட்டி என்ன இது என்று கேட்டால், எங்கள் ஆட்கள் யாரும் முதலில் சொல்லும் பதில் அதுதான். பேர் பிறகுதான் வரும். பல சமயம் வராது.

மகன் வயிற்றில் இருந்தபோது அவள் சொன்னாள், பிள்ளை சுமக்கிற வீட்டில் கழுத்து முறிக்கிற சத்தம் வேண்டாம் என்று. வலையைக் கொடுத்துவிட்டேன். பழக்கத்தை விட்டேன். பேச்சு போகவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். முதலில் இரண்டு குச்சிப் படம். அதற்கு அடுத்து நடவுப் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் படம். கீழ வயல் நடவு முடிந்த நாள் அது. அவள் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடவு முடிந்த அசதியில் சாப்பிட்டேன். கஞ்சிப் படத்துக்குப் பிறகு முப்பத்தொன்பது குச்சிப் படங்கள்.

ஆகாது என்று நான் சொன்ன பிறகு எடுத்தவை முப்பத்தொன்பது.

அதிலிருந்து எனக்கு அது என்ன பறவை என்று தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொண்டாட்டி போனதில் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

மகனிடம் மட்டும் கேட்டேன். அம்மா உனக்கு இந்தப் படம் ஏதும் அனுப்பினாளா என்று. அனுப்பியது என்றான். நீ என்ன சொன்னாய் என்றேன்.

"கட்டை விரல் போட்டேன்பா. டூட்டில இருந்தேன்."

"சரி தம்பி" என்றேன். என் பதிலுக்கு அவன் பதில் மேல்.

அவள் நாற்காலி பின்வாசலில் போட்டபடியே கிடந்தது. அதில் உட்கார்ந்து, படத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வாய்க்காலில் பம்புசெட்டுத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும். அதில் ஆள் இடுப்பளவுக்குக் கோரை. கோரைக்கு முன்னால் கல். முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. கோரைக்குள் காய்ந்த தட்டை ஏராளம். அவள் எதை எடுத்தாள், எதை விட்டாள் என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது நாள் இரண்டு படங்களை மாற்றி மாற்றித் தள்ளினேன். ஒன்றில் குச்சி கல்லுக்கு இடது பக்கம், கொஞ்சம் சாய்ந்து. அடுத்ததில் வலது பக்கம், நெட்டாக. காய்ந்த தட்டை இடம் மாறாது. பிறகு எல்லாவற்றையும் அப்படியே பார்த்தேன். ஒன்றில் அடியில் இரண்டு கோடு, கால். ஒன்றில் உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி. ஒன்றில் குச்சியே இல்லை. கோரை மட்டும் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அது பறந்து போன பிறகு எடுத்திருக்கிறாள்.

கல் என் முழங்கால் உயரம். குச்சி அதில் முக்கால் இருந்தது. உள்ளான் இல்லை, அது இதைவிடச் சின்னது. நாரை இல்லை, அது பெரியது. மடையானாக இருக்கலாம். ஆனால் மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். இது அண்ணாந்து நின்றது. மூக்கு வானத்தைப் பார்த்து. அப்படி நிற்கும் பறவையை நான் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கில் பறவை என் கையில் வந்திருக்கிறது. எல்லாம் வலையில் தலைகீழாகத் தொங்கி, அல்லது காலைக் கட்டிக் கோத்த கொத்தாக. நின்று பார்த்தது குறைவு.

சித்திரை கடைசியில் நிலத்துக்கார அம்மா வந்தார்கள். நான் குத்தகைக்குச் செய்வது அவர்கள் குடும்பத்து நிலம். திருச்சியில் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்தைப் பார்க்க வருவார்கள். வந்தால் நிலத்தைக் கொஞ்சமும் பறவையை ரொம்பவும் பார்ப்பார்கள். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் வீட்டில் காபி குடிப்பார்கள். அவளிடம்தான் பேசுவார்கள். என்னிடம் நெல்லைப் பற்றிக் கேட்பார்கள். போன குளிர்காலத்தில் வரவில்லை.

போனைக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றையும் பார்த்தார்கள். அவசரப்படவில்லை. அலகு தெரியவில்லை, கால் நிறம் தெரியவில்லை, வெளிச்சமும் எதிரே அடிக்கிறது என்றார்கள். இந்தப் பக்கத்தில் இந்த அளவில் மடையான்தான் அதிகம், அதுவாகத்தான் இருக்கும் என்றார்கள்.

"மடையான் இப்படி நிக்காதும்மா" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பிடிச்சிருக்கேன்."

அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அப்படியானால் இன்னொன்று உண்டு, செங்குருகு என்றார்கள். பயந்தால் கழுத்தை நீட்டிக் கோரையோடு கோரையாக நின்றுவிடுமாம். காற்றில் கோரை ஆடினால் அதுவும் ஆடுமாம். பக்கத்தில் போனாலும் தெரியாதாம். பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினார்கள். செங்கல் நிறத்தில் இருந்தது.

இதுதானா என்று கேட்டேன்.

"இந்தப் போட்டோவ வச்சு நான் சொன்னா அது பொய்ங்க. நீங்க அது பறக்குறதப் பாக்கணும். மடையான் உக்காந்தா மண்ணு, பறந்தா வெள்ளை. இது பறந்தாலும் சிவப்புத்தான்."

அவர்கள் எழுந்து பின்வாசலுக்குப் போய் நாற்காலியைப் பார்த்தார்கள். உட்காரவில்லை. இங்கிருந்தா எடுத்தாங்க என்றார்கள். ஆமாம் என்றேன். காபி போட எனக்கு வராது என்பதால் இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

ஆக, அது பறப்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நாள் குறைவாக இருந்தது. வாய்க்காலைத் தூர்வார பொக்லைன் வருவதாக இருந்தது. தூர்வாரக் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான்தான். எங்கள் நிலம் கடைமடை. மேலே எல்லோரும் நட்டு முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்பதே இந்தக் கோரைதான். கோரை போனால் அந்தப் பறவையும் போகும். வாராமல் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. சொல்லவும் கூடாது. என் ஒருவன் வயல் இல்லை அது.

பதினோரு நாள் உட்கார்ந்தேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. உழவுக்குச் சொல்லவில்லை. எரு அடிக்கவில்லை. பக்கத்து வயல்காரர் எனக்கு மச்சான். வரப்பில் போகும்போது பார்த்துவிட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறாயே, பெண் பார்க்கிறாயா என்று கேட்டார். பார்க்கிறேன், உன் தங்கச்சி இருந்தால் சொல்லு என்றேன். அவர் தங்கச்சியைத்தான் நான் கட்டியிருந்தேன். சொன்ன பிறகு இருவரும் சிரிக்கவில்லை. அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போனார்.

பறவை வரவில்லை. அல்லது வந்து நின்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டையாகப் பார்த்தேன். மண்ணாங்கட்டி எறிந்தேன். தட்டை தட்டையாகவே இருந்தது. காற்று வந்தால் எல்லாம் ஆடும். காற்று நின்றால் எல்லாம் நிற்கும்.

அந்த இடத்தில் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என்ன நடக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் நடக்காது. எட்டரைக்கு மினி பஸ் ஹாரன் அடிக்கும். பத்து மணிக்கு வெயில் கல்லைத் தொடும். அதற்குப் பிறகு கல்லில் நிழல் சுருங்கும். ஒரு ஓணான் வரும், போகும். யாரும் வரமாட்டார்கள். எல்லோரும் வயலில் இருப்பார்கள். நானும் அப்படித்தான் வயலில் இருந்தேன். வைகாசி முதல் தை வரை அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மதியம் நான் வந்தால் பத்து நிமிஷம் சோறு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவளிடம் சொல்ல ஒரு சேதி இருந்திருக்கிறது. தினம் வருது.

பன்னிரண்டாம் நாள் காலையில் சத்தம் கேட்டது. பொக்லைன் வாய்க்கால் தலைப்பிலிருந்து வாரிக்கொண்டு வந்தது. எங்கள் கொல்லையை எட்டப் பத்து மணி ஆயிற்று. மச்சானும் இன்னும் நாலு பேரும் கரையில் நின்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் இல்லாமல் இல்லை. கோரை வாரி எடுத்த இடத்தில் தண்ணீர் உடனே ஓட ஆரம்பித்தது.

வண்டி ஓட்டியவர் வெளியூர்க்காரர். கையைக் காட்டி நிறுத்தினேன். கல் பக்கம் வரும்போது கொஞ்சம் மெதுவாக என்றேன்.

"ஏன் பெரியவரே, புதையல் வச்சிருக்கீங்களா?"

"ஒரு பறவை. பறக்கும்போது பாக்கணும்."

"கொக்குதானே. நான் போற எடமெல்லாம் பின்னாடியே வருது" என்றார். சிரித்தார். ஆனால் மெதுவாகத்தான் விட்டார்.

நான் கல் மேல் ஏறி நின்றேன். அவள் கல் மேல் நான் கால் வைத்து ஏறியது அதுதான் முதல் தடவை. போனைத் தூக்கிப் பிடித்தேன். இரும்புக் கை கோரைக்குள் இறங்கியது. வேரோடு ஒரு பாளம் பெயர்ந்து மேலே வந்தது. சேற்றுத் தண்ணீர் கொட்டியது. ஒன்றும் இல்லை. அடுத்த பாளம். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை கை இறங்கும் முன்னால் கல்லிலிருந்து இருபதடித் தூரத்தில் ஒரு தட்டை எழுந்தது.

பதினோரு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது.

எழுந்தது, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கோரை மேலேயே தாழப் பறந்தது. செங்கல் நிறம். இறக்கையை விரித்தபோது வெள்ளை தெரியும் என்று பார்த்தேன். தெரியவில்லை. மேலேயும் சிவப்பு, விரித்தாலும் சிவப்பு. மடக்கினாலும் சிவப்பு. மச்சான் வயலைத் தாண்டி வடிகால் பக்கம் போய் இறங்கிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. இதை நான் பிடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. வலையில் கழுத்து மடங்கிக் கிடக்கும். கழுத்துத்தான் நீளம், நெஞ்சில் சதையே இருக்காது. பிய்த்து வரப்பில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் கேட்டபோது நான் பார்க்காமல் சொன்ன பதில் சரிதான். கறிக்கு ஆகாது. சரியான பதிலாக இருந்தும் என்ன.

வண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவரும் நானும் வாரிப் போட்ட கோரையைப் புரட்டிப் பார்த்தோம். கூடு இல்லை. முட்டை இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

நானும் ஒரு படம் எடுத்திருந்தேன். வண்டியின் மஞ்சள் பாதிக்கு மேல் இருந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். அவள் படமே தேவலை. அதை நிலத்துக்கார அம்மாவுக்கு அனுப்பினேன். எப்படி அனுப்புவது என்று மச்சான்தான் காட்டிக் கொடுத்தார்.

அம்மாவிடமிருந்து பதில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். படம் மங்கல், இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன். பறந்தாலும் சிவப்பு என்று அனுப்பினேன். மகனுக்கும் அதையே அனுப்பினேன். அவன் அன்று கட்டை விரல் போடவில்லை. போன் செய்தான். என்ன பறவைப்பா என்று கேட்டான். சொன்னேன். அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டான். இல்லை என்றேன்.

தண்ணீர் இந்த வருஷம் முன்னாலேயே வந்தது. நடவு முடிந்துவிட்டது. வாய்க்கால் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது, கல் மட்டும் நிற்கிறது. நடவு முடிந்த அன்று மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். நாற்காலியில் உட்காரவில்லை. எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்தேன், நாற்காலிக்கு எதிரே.

"செங்குருகு" என்றேன்.

மோர் இல்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டேன்.